பாத்ரூம் வாசலில் ஒரு சொந்தக்காரர்

"வீட்டு ஓனர் யாரும்மா?"

தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் கேட்டார். அவர் கையில் பேனா தயாராக இருந்தது. என்னிடம்தான் பதில் தயாராக இல்லை. பரீட்சையில் இதைவிடக் கஷ்டமான கேள்விகளுக்கெல்லாம் எதையாவது எழுதிவிட்டு வந்திருக்கிறேன். இதற்கு எதுவும் தோன்றவில்லை.

"எந்த இடத்துக்குங்க?" என்று கேட்டேன்.

"எந்த இடத்துக்குன்னா?"

"அடுப்படி எங்களுது. ஹால்ல ஜன்னல் பக்கம் எங்களுது, டிவி பக்கம் மாமாவுது. பாத்ரூம் முழுக்க மாமாவுது. நீங்க நிக்கிறது..." குனிந்து பார்த்தேன். அவர் செருப்புக்குப் பக்கத்தில் நீல டேப் தெரிந்தது. "மாமாவுது."

அவர் ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "பெரியவங்க யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

பெரியவர்கள்தான் இதற்கெல்லாம் காரணம். அதிலும் முக்கியமாக என் மாமா. உம்மாவின் அண்ணன். தரைக்கு டைல்ஸ் பதிப்பது அவர் தொழில். அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை சமமாக இருக்கிறதா என்று குமிழி ஓடவிட்டுப் பார்ப்பார்களே, அந்தச் சிறிய கருவி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். டீக்கடை மேசையில் வைத்துப் பார்ப்பார். பஸ் ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்ப்பார். நான் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு வந்தவர், என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தொட்டில் மீது ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாராம். "தலைப் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு தங்கச்சி" என்றாராம். உம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

பண விஷயத்திலும் அவர் அப்படித்தான். வேலை முடிந்து ஒரே ஒரு டைல்ஸ் மிஞ்சினாலும் அதைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வருவார். அவர் நெஞ்சுக்குள்ளும் ஒரு குமிழி இருந்தது. அது நடுவில் வந்து நிற்காவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப் போவதாகச் சொன்னபோது, வாப்பாவிடம் பாதிப் பணம்தான் இருந்தது. வாப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பேங்கில் கடன் தருகிறோம் என்றார்கள். கடன் என்றால் வட்டி. வட்டி வாங்குவதும் கொடுப்பதும் எங்கள் மார்க்கத்தில் கூடாது. வாப்பா அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்.

அப்போது மாமாதான் வந்தார்.

"கடன் வேணாம் மச்சான். கூட்டா வாங்குவோம். பாதி உங்களுது, பாதி என்னுது. என் பாதிக்கு மாசாமாசம் வாடகை குடுங்க. கையில கொஞ்சம் சேரும்போதெல்லாம் என் பங்கை வாங்கிட்டே வாங்க. பங்கு குறையக் குறைய வாடகையும் குறையும். ஒருநாள் முழுசா உங்களுது."

"வீட்டுல ஏதாச்சும் உடைஞ்சா?" என்று வாப்பா கேட்டார்.

"உடைஞ்சா என் பங்குக்கு நானும் குடுப்பேன். வாடகை மட்டும் எனக்கு, நஷ்டம் மட்டும் உங்களுக்குன்னா அதுக்கும் வட்டிக்கும் என்ன வித்தியாசம்?"

இதுவரை எல்லாம் சரி. வட்டிக்குப் பயந்தவர்கள் பலர் செய்கிற ஏற்பாடுதான் இது. ஆனால் டேப் ஒட்டியது எங்கள் மாமா ஒருவர்தான்.

வாங்கிய கையோடு பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் பதித்தார். உம்மாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. டைல்ஸுக்கு நடுவில் கோடே தெரியக் கூடாது.

"சுவரோரம் கொஞ்சம் இடம் விடணும் தங்கச்சி. வெயில்ல விரியும்."

"இடம் விட்டா எறும்பு வரும், அழுக்கு சேரும். நீங்களா வந்து தேய்க்கப் போறீங்க?"

எந்த இஞ்சினியர் சொன்னாலும் கேட்காத மாமா தங்கச்சி சொன்னதைக் கேட்டார். இடமே விடாமல் நெருக்கிப் பதித்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதித்து முடித்ததும் அவருக்கு ஒரு பயம் வந்தது. பங்கு மாதாமாதம் மாறப் போகிறது. ஏற்கனவே விற்றுவிட்ட இடத்துக்குத் தெரியாமல் வாடகை வாங்கிவிட்டால்? அது வட்டியைத் தின்ற மாதிரி ஆகிவிடாதா? அதனால் தன் பங்கில் இருக்கிற ஒவ்வொரு டைல்ஸின் மூலையிலும் நீல டேப்பைச் சிறிதாகக் கிழித்து ஒட்டினார். மாதம் பிறந்ததும் வருவார். உம்மா துணிக்கடையில் நிற்பது போல இடுப்பில் கைவைத்து நின்று தேர்ந்தெடுப்பார்.

"இது வேணாம்ணே. கீறல் இருக்கு. அதைக் குடுங்க."

"அதுவும் இதுவும் ஒரே பெட்டியில வந்ததுதான் தங்கச்சி."

"இருக்கட்டும். அதுதான் பளபளன்னு இருக்கு."

மாமா முட்டி போட்டு உட்கார்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி டேப்பை உரிப்பார். அந்த டைல்ஸ் அந்த நொடியிலிருந்து எங்களுடையது. முதலில் அடுப்படியை வாங்கினோம். பிறகு நான் உட்கார்ந்து படிக்கிற ஜன்னலோரம். பாத்ரூமை உம்மா கடைசிக்குத் தள்ளிவிட்டார்.

"பாத்ரூமுக்கு என்ன அவசரம்?" என்றார்.

"காலையில கேளு, சொல்றேன்" என்றார் வாப்பா.

மாமா எங்கள் வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். சலாம் சொல்லிவிட்டு வாசலிலேயே நிற்பார்.

"உள்ள வாங்கண்ணே. பாதி வீடு உங்களுதுதானே?"

"என் பாதிக்குத்தான் வாடகை வாங்கிட்டேனே. வாடகைக்கு விட்ட இடத்தைக் கேக்காம மிதிக்கலாமா?"

"சரி, இந்தப் பாதியில வாங்க."

"அது வித்த இடம். அதுக்கும் கேக்கணும்."

வீட்டுக்கு வருகிறவர்கள் தெரியாமல் டிவி பக்கம் உட்கார்ந்தால் உம்மா பழக்கத்தில், "பார்த்து உக்காருங்க, அது எங்க அண்ணன் இடம்" என்று சொல்லிவிடுவார். அவர்கள் உடனே முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "எப்ப தவறினாங்க?" என்று கேட்பார்கள். ஒருமுறை அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மாமா பாத்ரூமிலிருந்து வெளியே வந்தார். வந்த அம்மா டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு மாதத் தொடக்கத்தில் டேப் உரிக்க உட்கார்ந்த மாமாவால் எழுந்திருக்க முடியவில்லை.

வாழ்நாள் முழுக்க முட்டி போட்டே வேலை செய்தவர். முட்டி தேய்ந்து போயிருந்தது. தொழுகையைக் கொஞ்ச நாளாகவே நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுது வந்திருக்கிறார். அதை எங்களிடம் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்யாவிட்டால் நடையே நின்றுவிடும் என்றார் டாக்டர். மாமாவின் சேமிப்பு முழுவதும் எங்கள் தரையில் கிடந்தது. நாங்கள் வாங்கியது போக இன்னும் நிறைய நீல டேப் மிச்சம் இருந்தது.

அவர் எங்களிடம் பணம் கேட்கவில்லை. கேட்டால் எங்களை அவசரப்படுத்தியது போல ஆகிவிடுமாம்.

"வேனை வித்துடறேன் மச்சான்" என்றார் வாப்பா.

"வித்துட்டு? பள்ளிக்கூடப் புள்ளைங்கள முதுகுல தூக்கிட்டுப் போவீங்களா?"

உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்க முட்டியைத்தான் நாங்க மிதிச்சு நடந்துட்டு இருக்கோம்" என்று அழுதார்.

வீட்டு புரோக்கர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு மாமாவைத் தேடிப் போனார். வீட்டு விலை இப்போது ஏறிவிட்டது, உங்கள் பங்கை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறேன் என்றார். கூட்டாளிக்குத் தெரியாமல் பங்கை வெளியாளுக்குக் கொடுக்கக் கூடாது, அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்று சொல்லி, மாமா அந்த புரோக்கரையே கையோடு எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்.

புரோக்கர் நீல டேப்புகளைப் பார்த்தபடியே வீட்டைச் சுற்றினார். பாத்ரூம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இதுல உங்க பங்கு எவ்வளவு?"

"முழுசும்" என்றார் மாமா.

"அப்ப இவங்க எங்க போவாங்க?"

"இங்கதான். வாடகைக்கு."

புரோக்கர் பாத்ரூம் கதவைச் சாத்தினார். பிறகு, "நான் சொன்ன விலைக்கு இவங்களால வாங்க முடியாது. என் பார்ட்டிக்கே குடுத்துடுங்க" என்றார்.

"அதெப்படி? என் தங்கச்சிக்கு முதல்லயே ஒரு விலை சொல்லிட்டேன். வாக்கு குடுத்த விலையை ஏத்த மாட்டேன்."

"தங்கச்சிக்கு ஏத்த வேணாம் சார். வெளியாளுக்குத்தானே விக்கிறீங்க?"

"அந்த வெளியாள் பாத்ரூமுக்கு வாடகையை ஏத்திட்டா? என் தங்கச்சி எங்க போய் நிப்பா?"

புரோக்கர் வாப்பாவின் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "உங்க மச்சானுக்கு முட்டியில மட்டும்தான் பிரச்சனையா?"

புரோக்கர் போய்விட்டார். ஜன்னலுக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா. எங்கள் வீட்டில் பேசுவது அவருக்கு எப்போதும் தெளிவாகக் கேட்கும். கேட்காவிட்டால் மிஷினை நிறுத்திவிடுவார்.

"எனக்கு நாலு டைல்ஸ் குடுங்கண்ணே."

"எதுக்கும்மா?"

"பணம் சும்மாதான் துணி மூட்டைக்குள்ள கிடக்கு. பேங்குல போட்டா வட்டி வரும், அதைத் தொட முடியாது, யாருக்குக் குடுக்கறதுன்னு தேடணும். இதுல வாடகை வரும்ல? தங்கச்சிக்குச் சொன்ன விலைதானே? பேச்சு மாறக் கூடாது."

அவருக்குச் சிவப்பு டேப். அடுத்த நாள் மருந்துக்கடைக்காரர் வந்தார். அவர் கடைத் தரையை மாமாதான் போட்டிருந்தார். அவருக்குப் பச்சை. வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, டிவி பக்கம் முழுவதையும் பாத்ரூமின் உள்பக்கத்தையும் வாங்கினார். அவருக்கு மஞ்சள். கடைசியில் ஒரே ஒரு நீல டேப்தான் மிச்சம் இருந்தது. அது பாத்ரூம் வாசல் டைல்ஸ். ஆபரேஷனுக்கு இன்னும் தேவைப்பட்டதும் கிட்டத்தட்ட அந்த ஒரு டைல்ஸின் விலைதான்.

அதை வாங்கியவர் ஒரு லாரி டிரைவர். டைல்ஸ் லோடு ஏற்றிக்கொண்டு எங்கெங்கேயோ போகிறவர். வேலை நடக்கிற இடங்களில் மாமாவைப் பார்த்துப் பழக்கம். அன்று எங்கள் தெருவுக்கு லோடு இறக்க வந்தவர், மாமா கம்பை ஊன்றி நடப்பதைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டினார். கதையை முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, "எனக்கு வீடே கிடையாது மாமா. வண்டியிலதான் தூங்குறேன். இந்த டைல்ஸை வாங்கிட்டா எங்க அம்மாகிட்ட வீடு வாங்கிட்டேன்னு சொல்லலாமா? பொய்யாகாதே?" என்று கேட்டார்.

மாமா இதைத் தீவிரமாக யோசித்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பொய்யாகாது. ஆனா எந்த இடம்னு கேட்டா மறைக்கக் கூடாது."

"பாத்ரூம் வாசல்னா அம்மாவுக்கு இன்னும் சந்தோஷம் மாமா. அதுக்கும் முட்டி வலி, தூரம் நடக்க முடியாது."

பணத்தைக் கொடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த டைல்ஸ் மீது இரண்டு காலையும் சேர்த்துவைத்து நின்றார். காலைப் போட்டோ எடுத்துக்கொண்டார். டேப்பில் வேறு நிறம் இல்லாததால் மாமா தன் மார்க் பென்சிலால் டைல்ஸின் மூலையில் ஒரு சின்ன லாரி வரைந்தார். "வாடகை வாங்க வர்றேன் மாமா" என்று சொல்லிப் போனவர்தான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமா நடந்தார். ஆனால் முட்டி போட்டு உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகு வாடகை நாள் எங்கள் வீட்டில் ஒரு கல்யாண வீடு போல ஆனது. தையல்கார அக்காவின் நாலு டைல்ஸும் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் இருந்தன. அவர் அங்கேதான் உட்காருவார். அவர் எழுந்து போகும்வரை யாராலும் ஃப்ரிட்ஜைத் திறக்க முடியாது. மருந்துக்கடைக்காரருக்கு நடைபாதை. நான் வேகமாக நடந்தால், "கொஞ்சம் மெதுவாம்மா" என்பார்.

வெயில் உச்சத்தில் இருந்த ஒரு வாடகை நாள். எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தரைக்குள் எதுவோ முனகியது. அடுத்து, டமார்!

மருந்துக்கடைக்காரர் டம்ளரோடு நாற்காலி மேல் ஏறிவிட்டார். சாச்சா கேஸ் சிலிண்டர் என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினார். ஹால் நடுவில் டைல்ஸ் எல்லாம் எழும்பி, கூடாரம் போலச் சாய்ந்து நின்றன. மாமா சொன்னது நடந்துவிட்டது. விரிவதற்கு இடம் இல்லாமல் ஒன்றையொன்று தள்ளி வெடித்திருந்தன. ஃப்ரிட்ஜ் முன்னால், நடைபாதை, ஜன்னலோரம், எல்லாம் துண்டு துண்டாகக் கிடந்தது. டேப்புகள் பிய்ந்து ஃபேன் காற்றில் பறந்தன.

உடனே சண்டை தொடங்கியது. நான் பார்த்ததிலேயே விநோதமான சண்டை அது.

"இந்த உடைஞ்சது என்னுது!" என்றார் தையல்கார அக்கா.

"உங்களுது எப்படி ஆகும்? நடைபாதையில கிடக்கு, அப்ப என்னுது!" என்றார் நாற்காலி மேல் நின்ற மருந்துக்கடைக்காரர்.

"ஃப்ரிட்ஜ் முன்னாலேருந்து பறந்து வந்தது அது! இத்தனை நாளா வாடகை வாங்கித் தின்னிருக்கேன். நஷ்டம்னதும் ஓடிடுவேனா? என்னை யாருன்னு நினைச்சீங்க?"

சாச்சா தெருவிலிருந்து திரும்பி வந்து, தன் பக்கம் ஒன்றுகூட உடையவில்லை என்று தெரிந்ததும் முகம் வாடிப்போனார். "நல்லாப் பாருங்க, ஏதாச்சும் கீறல் இருக்கும்" என்று வாப்பாவிடம் கெஞ்சினார்.

மாமா கம்பை ஊன்றி எழுந்தார். "யாரும் குடுக்க வேணாம். இடம் விடாம பதிச்சது நான். தப்பு என்னுது."

"விடாதீங்கன்னு சொன்னது நான்" என்றார் உம்மா.

சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்து வந்தார். எல்லாத் துண்டுகளையும், எல்லா நிற டேப்பையும் ஹால் நடுவில் ஒரே குவியலாகக் கூட்டினார். அதன் மேல் விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு கேட்டார்:

"இப்ப சொல்லுங்க. இதுல எது யாருது?"

 மாமா பயந்துபோய், அன்றே பள்ளிவாசலுக்குப் போய் இமாமான ஹஸ்ரத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். ஹஸ்ரத் நிதானமாகக் கேட்டுவிட்டு, "கூட்டுப் பங்குன்னா வீடு முழுசும் கலந்து இருக்கிறதுதானே? உடைஞ்சாலும் நஷ்டம் அவங்கவங்க பங்கு அளவுக்கு எல்லாருக்கும்தான். டேப் ஒட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டாராம்.

மாமா சலாம் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார்.

செலவை எல்லோரும் பங்குப்படி போட்டுக்கொண்டார்கள். மாமாவும் உம்மாவும் அதற்கு மேல் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். மாமா ஸ்டூலில் உட்கார்ந்து கம்பை நீட்டிச் சொல்லச் சொல்ல, அவரிடம் வேலை கற்றவர்கள் பதித்தார்கள். இந்த முறை சுவரோரம் இடம் விட்டார்கள். எறும்பும் வந்தது. உம்மா சுவரோரம் மஞ்சள்தூள் தூவிவிட்டார். டேப் ஒட்டவில்லை.

பாத்ரூம் வாசல் டைல்ஸ் மட்டும் உடையவில்லை. லாரி அப்படியே இருந்தது.

இப்போது தையல்கார அக்காவின் பங்கையும், மருந்துக்கடைக்காரர் பங்கையும், சாச்சா பங்கையும் வாங்கிவிட்டோம். வீடு எங்களுடையது. ஒருவர் பங்கைத் தவிர. அவர் கொடுத்துவிட்டுப் போன போன் நம்பர் இப்போது ஒரு கோழிக்கடைக்காரரிடம் இருக்கிறது. மாமா மாதாமாதம் அதில் கூப்பிடுகிறார். கோழிக்கடைக்காரர் முதலில் திட்டினார். பிறகு பரிதாபப்பட்டார். இப்போது அவரே மாதம் பிறந்ததும் கூப்பிட்டு, "இன்னும் நான்தான் இருக்கேன் பாய்" என்று சொல்லிவிடுகிறார்.

டிரைவருக்குத் தெரியாமல் அவர் பங்கை வாங்கவும் முடியாது, அவர் வாடகையைத் தொடவும் முடியாது. உம்மா அதைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவருகிறார். தரை உடைந்த செலவில் அவர் பங்கை மட்டும் அதிலிருந்து கழித்தார்கள். பாவம், விட்டுவிடலாம் என்று வாப்பா சொன்னபோது மாமா ஒத்துக்கொள்ளவில்லை. "அவனும் ஓனர்தானே மச்சான்? அவனை மட்டும் விருந்தாளி ஆக்கிடாதீங்க" என்றார்.

மாமா இப்போது வேலைக்குப் போவதில்லை. முட்டி பரவாயில்லை. ஆனால் சாப்பிடும்போது பாதியில் கையை நிறுத்திவிட்டு, "அந்தத் தம்பி பணம் என் முட்டிக்குள்ள இருக்கு. அவன் வாடகை உங்க டப்பாவுல இருக்கு. இது எப்படித் தங்கச்சி மட்டம் ஆகும்?" என்று கேட்பார். உம்மா தரை துடைக்கும்போது அந்த லாரியைச் சுற்றித்தான் துடைக்கிறார். அப்படியும் அது மங்கிவிடுகிறது. மாமா வந்து திரும்ப வரைகிறார். குனிய முடியாததால் கம்பு நுனியில் பென்சிலைக் கட்டி, நின்றுகொண்டே வரைகிறார். ஒவ்வொரு முறையும் லாரி கொஞ்சம் பெரிதாகிக்கொண்டு வருகிறது.

போன வாரம் மீட்டர்காரர் வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்று, காலுக்குக் கீழே ஒருமுறை பார்த்துக்கொண்டு, "இப்ப ஓனர் யாரும்மா?" என்றார்.

"நாங்களும், ஒரு லாரி டிரைவரும்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

இதைப் படிப்பவர்கள் எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். டைல்ஸ் லாரிகள் நிற்கிற இடம் உங்கள் பக்கத்தில் இருந்தால், அங்கே டீ குடிக்கிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களை அடுத்த லாரிக்காரரிடம் சொல்லச் சொல்லுங்கள். யாராவது ஒருவர் போனில் வெறுங்கால் போட்டோ ஒன்று இருக்கும். காலுக்குப் பக்கத்தில் வெள்ளை டைல்ஸ் தெரியும். அவரிடம் சொல்லுங்கள்: வாடகை பத்திரமாக இருக்கிறது, செலவு கொஞ்சம் கழிந்திருக்கிறது, கணக்குக் கேட்டால் மாமா சொல்வார். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டும். வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டாம்.